அப்பா, பின்பால், 47 லட்சம்

தலைப்பைப் பார்த்துட்டு ஏதோ சீட்டுக் கம்பெனி விவகாரம்னு உள்ள வந்தவங்க மன்னிக்கணும். இது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு பத்தின கதை. பாதி டெக்னிக்கல், மீதி கொசுவத்தி. எது வேணுமோ அதை மட்டும் படிச்சுட்டு ஓடிடுங்க.

2024 நவம்பர்ல அப்பாவுக்கு லேசா பக்கவாதம் வந்துச்சு. "லேசா"ங்கறது டாக்டர் சொன்ன வார்த்தை. வலது கை அசையாம, பேச்சு குழறி அவர் கட்டில்ல கிடந்ததைப் பார்த்த எங்களுக்கு அதுல லேசுன்னு எதுவும் தெரியல. பேச்சு மூணு வாரத்துல சரியாகிடுச்சு. நடையும் ஓரளவு வந்துடுச்சு. வலது கை மட்டும் அடம் பிடிச்சுது. பிசியோதெரபிக்கு வர்ற தம்பி ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, தினமும் இருநூறு தடவை அமுக்குங்க ஐயான்னு சொல்லிட்டுப் போவார். அப்பா இருபது தடவை அமுக்கிட்டு, பந்தை நாய்க்கு எறியற மாதிரி தோட்டத்துப் பக்கம் எறிஞ்சிடுவார். அதுவும் இடது கையால.

நான் பெங்களூர்ல பொட்டி தட்டறவன். ஒரு மாசம் வீட்ல இருந்தே ஆணி பிடுங்கறேன்னு மேனேஜர் கால்ல விழுந்து துறையூர் வந்து உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள் மத்தியானம் மீட்டிங்ல இருக்கும்போது அப்பா வாசப்படியில நின்னு கேட்டார்:

"ஏன்டா, அந்த பழைய பொட்டி இன்னும் ஓடுமா? அந்தக் குண்டு விளையாட்டு?"

அவர் கேட்டது ஸ்பேஸ் கேடட் பின்பால். விண்டோஸ் எக்ஸ்பி வச்சிருந்த எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். ஸ்டார்ட் மெனுவுல கேம்ஸ்குள்ள சாலிடேர், மைன்ஸ்வீப்பர் பக்கத்துல அமைதியா உட்கார்ந்திருக்கும். ஸ்பேஸ் பார் அமுக்கிப் பிடிச்சு விட்டா குண்டு மேல பறக்கும். இடது பக்கம் இசட், வலது பக்கம் ஸ்லாஷ். அவ்வளவுதான் விளையாட்டு. சினிமாட்ரானிக்ஸ்னு ஒரு சின்ன கம்பெனி செஞ்சது, 1995-ல விண்டோஸ் 95-க்கான பிளஸ் பேக்கோட முதல்ல வந்துச்சு. எக்ஸ்பி வரைக்கும் கூடவே வந்து, விஸ்டாவுல காணாமப் போச்சு. மைக்ரோசாஃப்ட்ல இருந்த ரேமண்ட் சென் பின்னாடி காரணம் எழுதினார்: 64 பிட்டுக்கு மாத்தினப்போ குண்டு எதுலயும் இடிக்காம ஆவி மாதிரி எல்லாத்தையும் ஊடுருவிப் போச்சாம். அடுத்தவன் எழுதின பழைய கோடு, கமெண்ட்டும் கிடையாது, எங்க தப்புன்னு கண்டுபிடிக்க முடியல, தூக்கிட்டாங்க. (நம்ம ஆபீஸ்ல நடக்கறது எதுவும் புதுசில்லைன்னு தெரிஞ்சு ஒரு ஆறுதல்.)

எங்க அப்பா போக்குவரத்துக் கழக டெப்போவுல கிளார்க். 2006-ல பி.எஃப். லோன் போட்டு எனக்காக அந்தப் பொட்டியை வாங்கினார். அசெம்பிள் செஞ்ச பென்டியம் 4, 80 ஜிபி ஹார்ட் டிஸ்க், கூடவே டிவிஎஸ் கோல்டு கீபோர்டு. டெப்போவுலயும் அதே கீபோர்டு தானாம், அதனால அதைத்தான் கேட்டு வாங்கினார். தட்டினா பக்கத்து வீட்டுக்குக் கேக்கும். எனக்காக வாங்கின பொட்டியில ராத்திரி ஒம்பது மணிக்கு மேல உட்கார்ந்தது அவர்தான். டக், டக், டக்... அந்தச் சத்தத்துலதான் நான் தூங்கிப் பழகினேன். விளையாட்டுல கேடட்ல ஆரம்பிச்சு ஃப்ளீட் அட்மிரல் வரைக்கும் ஒம்பது பதவி இருக்கு. அப்பா அதுக்கு தனியா பேர் வச்சிருந்தார். கேடட்னா கிளீனர், அப்புறம் கண்டக்டர், டிரைவர், செக்கர், கடைசியில பி.எம். "இன்னைக்கு செக்கர் வரைக்கும் போயிட்டேன்டி"ன்னு அம்மாகிட்ட சொல்லுவார். அம்மா "சந்தோஷம், லைட்டை அணைங்க"ம்பாங்க.

சரி, பொட்டிக்கு வருவோம். பரண்ல இருந்து இறக்கித் துடைச்சு கரண்ட் கொடுத்தேன். சிமாஸ் பேட்டரி செத்து, தேதி எங்கயோ போயிருந்துச்சு. வாட்ச் கடையில ஒரு 2032 பேட்டரி வாங்கிப் போட்டேன். அடுத்து எக்ஸ்பி லோகோ வந்துச்சு, அந்த நீலப் பட்டை நாலு தடவை ஓடுச்சு, அப்புறம் நீலத் திரை. ஹார்ட் டிஸ்க் உள்ள இருந்து "க்ளிக்... க்ளிக்..."னு ஒரு சத்தம். இந்தத் தொழில்ல இருக்கறவங்களுக்கு அந்தச் சத்தம் கேட்டாலே அடிவயிறு கலங்கும்.

இந்த இடத்துல புத்திசாலிங்க சிலர் கேப்பீங்க: அந்த பின்பால் ஃபோல்டரை மட்டும் எடுத்து புது லேப்டாப்ல போட்டா ஓடுமே? ஓடும். எக்ஸ்பியோட பின்பால் 32 பிட் புரோகிராம், விண்டோஸ் 11-லயும் அது பாட்டுக்கு ஓடும். என் ஆபீஸ் லேப்டாப்ல போட்டும் பார்த்தேன், செக்யூரிட்டி சாஃப்ட்வேர் என்னைத் தீவிரவாதி ரேஞ்சுக்குப் பார்த்துச்சு. அதைவிட, அப்பாவுக்கு லேப்டாப் பிடிக்கல. கீ எல்லாம் அப்பளம் மாதிரி இருக்குங்கறார். அவருக்கு வேண்டியது அந்த மேஜை, அந்த நாற்காலி, அந்த டக் டக்.

திரும்ப எக்ஸ்பி போடலாம்னா, எங்க வீட்ல இருந்த சிடி மார்க்கர் பேனாவுல "எக்ஸ்பி எஸ்பி2" ன்னு எழுதினது. யார் கொண்டு வந்ததுன்னு பின்னாடி சொல்றேன். அந்த ஆள் இந்தக் கதைக்கு ரொம்ப முக்கியம். அதுவும் கீறல் விழுந்து படிக்கல. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல்லயே மைக்ரோசாஃப்ட் பால் ஊத்தியாச்சு. அதனால லினக்ஸ்னு முடிவு பண்ணேன்.

இந்த பென்டியம் 4 வெறும் 32 பிட். இப்ப பெரிய லினக்ஸ் ஆளுங்க எல்லாம் 32 பிட்டை கைவிட்டுக்கிட்டே வர்றாங்க. 2023-ல வந்த டெபியன் 12-தான் 32 பிட் பொட்டியில நேரா நிறுவற மாதிரி வந்த கடைசி டெபியன். 2025 ஆகஸ்ட்ல வந்த 13-ல அது கிடையாது. பழைய லேப்டாப்ல இருந்து கழட்டி வச்சிருந்த ஒரு 160 ஜிபி டிஸ்க்கை மாட்டி, டெபியன் 12-ஐ எல்எக்ஸ்டிஇ டெஸ்க்டாப்போட ஏத்தினேன். 1 ஜிபி ராம்ல நல்லாவே ஓடுச்சு. பிரவுசரைத் திறந்தா மட்டும் ஒரு டீ குடிச்சுட்டு வரலாம். பரவாயில்ல, அப்பாவுக்கு பிரவுசர் வேண்டாம்.

அதுக்கு மேல வைன். லினக்ஸ்ல விண்டோஸ் புரோகிராமை ஓட்டற சாமாச்சாரம். 1993-ல ஆரம்பிச்சது, 1994-ல இருந்து அலெக்சாண்டர் ஜூலியார்டுங்கறவர்தான் கட்டி மேய்க்கறார். 1.0 பதிப்பு வந்தது 2008 ஜூன்ல. பதினஞ்சு வருஷம் கழிச்சு 1.0! நம்ம பிராஜக்ட்ல ரெண்டு வாரம் தள்ளிப்போனா எத்தனை மெயில் வருது, யோசிச்சுப் பாருங்க.

வைன்ங்கற பேருக்கே "வைன் எமுலேட்டர் இல்லை"ன்னுதான் விரிவாக்கம். இதை அம்மாவுக்குப் புரிய வைக்கப் போய் எனக்கே நல்லா புரிஞ்சுது. நம்ம வீட்டு சமையல்காரம்மாவை வேற வீட்டு சமையல்கட்டுக்கு அனுப்பறோம்னு வச்சுக்கோங்க. அவங்க கை பழக்கத்துல வலது பக்கம் ரெண்டாவது தட்டுல கையை நீட்டுவாங்க, அங்க உப்பு இருக்கணும். அடுப்புக்குக் கீழ கையை விட்டா எண்ணெய் இருக்கணும். அந்த வீட்ல எல்லாமே வேற இடத்துல இருக்கு. வைன் என்ன பண்ணும்னா, அவங்க கை நீட்டற இடத்துலயெல்லாம் முன்னாடியே போய் சரியான டப்பாவை வச்சிடும். சமைக்கறது அவங்களேதான், அதே கைதான். எமுலேட்டர்னா அப்படி இல்ல. சமையல்காரம்மாவோட கையையே மெழுகுல செஞ்சு ஆட்டற மாதிரி. டாஸ்பாக்ஸ் அந்த ரகம், ஒரு முழு பழைய பிராசசரையே சாஃப்ட்வேர்ல நடிச்சுக் காட்டும். டேஞ்சரஸ் டேவ், பிரின்ஸ் ஆஃப் பெர்சியா மாதிரி சின்ன டாஸ் விளையாட்டுக்கு அது போதும். கொஞ்சம் பெருசா ஏதாவது கொடுத்தா பென்டியம் 4-க்கு மூச்சு வாங்கும். வைன்ல பிராசசர் வேலையை பிராசசரே செய்யுது. அதனாலதான் இருபது வருஷத்துப் பொட்டியிலும் தாக்குப் பிடிக்குது. அம்மா எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டு, "அதுக்கு ஏன்டா அடுத்த வீட்டுக்குப் போய் சமைக்கணும்"னாங்க. நியாயமான கேள்வி.

ஆசை யாரை விட்டுச்சு, வைன் வந்ததும் வைஸ் சிட்டியும் போட்டுப் பார்த்தேன். மெனு வந்துச்சு. உள்ள போனா கறுப்பா ஒரு திரை, ரேடியோ மட்டும் பாடுது. முப்பரிமாண விளையாட்டுன்னா அது விண்டோஸோட டைரக்ட்3டி மொழியில பேசும், வைன் அதை ஓபன்ஜிஎல்லுக்கு மொழிபெயர்க்கணும், அதை எங்க மதர்போர்டுலயே ஒட்டியிருக்கற இன்டெல் கிராஃபிக்ஸ் புரிஞ்சுக்கணும். 2018-ல வால்வ் கம்பெனி புரோட்டான்னு ஒண்ணு விட்டாங்களே, இன்னைக்கு ஸ்டீம் டெக் எல்லாம் ஓடறது அதுலதான், அதுல இருக்கற டிஎக்ஸ்விகே டைரக்ட்3டியை வல்கனுக்கு மாத்தும், பிரமாதமா ஓடும். ஆனா வல்கன்ங்கற பேரே பிறக்கறதுக்கு கிட்டத்தட்ட பத்து வருஷம் முன்னாடி செஞ்ச பொட்டி இது. பின்பாலுக்கு இந்தத் தொல்லையே இல்ல. அது 640க்கு 480 அளவுல ஒரு படம், மேல ஒரு குண்டு, அவ்வளவுதான்.

இனி டிஸ்க். க்ளிக் க்ளிக் டிஸ்க்கை ஒரு யூஎஸ்பி கன்வர்ட்டர்ல மாட்டி, என் லேப்டாப்ல டிடிரெஸ்க்யூ போட்டேன். படிக்க முடியற இடத்தை முதல்ல படிச்சுட்டு, முரண்டு பிடிக்கற இடத்துக்கு அப்புறம் மறுபடி மறுபடி வரும். ஒன்றரை நாள் ஓடுச்சு. என் பத்தாம் கிளாஸ் புராஜக்ட் போச்சு, கல்யாண வீடியோ ஒண்ணு பாதி போச்சு. புரோகிராம் ஃபைல்ஸ்குள்ள விண்டோஸ் என்டி, அதுக்குள்ள பின்பால், முழுசா வந்துச்சு. புதுப் பொட்டியில (சரி, பழைய பொட்டியில) காப்பி பண்ணி வைன்ல தட்டினேன். முதல் தட்டுலயே வந்துடுச்சு! அந்த ஊதா நிறம், அந்த விண்கலம். சத்தமும் வந்துச்சு, இசை மட்டும் வரல. அது மிடி கோப்பு, லினக்ஸ்ல அதை வாசிக்க தனியா ஒரு ஆள் வேணும். டிமிடிட்டி போட்டதும் அந்த இசையும் வந்துச்சு. சமையக்கட்டுல இருந்து அம்மா எட்டிப் பார்த்தாங்க. "ஐயோ, மறுபடியுமா"ன்னு சொன்னாங்க, ஆனா சிரிச்சுக்கிட்டே.

ஆனா ஹை ஸ்கோர் பட்டியல் காலி.

இங்கதான் கதையே. பின்பாலோட ஸ்கோர் பட்டியல் அந்த ஃபோல்டர்ல கிடையாது. விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில இருக்கு. மொத்தம் அஞ்சு இடம். எக்ஸ்பியில அது பயனரோட என்டியூசர்.டாட்ங்கற கோப்புக்குள்ள இருக்கும். நல்ல வேளையா அந்தக் கோப்பும் டிஸ்க்ல இருந்து தப்பிச்சு வந்திருந்துச்சு. லினக்ஸ்லயே அதைத் திறந்து படிக்கற கருவிகள் இருக்கு, திறந்தேன். அஞ்சு பேர், அஞ்சு எண். ரெண்டாவதுல இருந்து அஞ்சாவது வரைக்கும் "அப்பா". ரெண்டாவது இடத்துல 41 லட்சம். முதல் இடத்துல 47 லட்சத்துச் சொச்சம், அதுக்கு நேரா என் பேர்.

அந்த 47 லட்சத்தை நான் எடுக்கல.

2008-ல, நான் ஆறாவது படிக்கும்போது, பொட்டியில வைரஸ் வந்து ஒரு அண்ணன் ரிப்பேர் பார்க்க வந்தார். ஒல்லியா இருப்பார், சிவப்பு டிவிஎஸ் 50. மேல சொன்ன மார்க்கர் பேனா சிடி அவரோடதுதான். அன்னைக்கு ஆன்ட்டிவைரஸ் ஸ்கேன் போட்டுவிட்டு, அது ஓடற நேரத்துல சும்மா பின்பாலைத் திறந்தார். ஒரு மணி நேரம். நான் பக்கத்துல வாயைப் பிளந்துக்கிட்டு நின்னேன். குண்டு கீழயே வரல. ஆட்டம் முடிஞ்சு பேர் கேட்டு ஒரு கட்டம் வந்துச்சு. அண்ணன் "உன் பேரைப் போட்டுக்கடா தம்பி"ன்னு சிரிச்சுக்கிட்டே எழுந்துட்டார். போட்டுக்கிட்டேன்.

அன்னைக்கு ராத்திரி அப்பா அதைப் பார்த்தார். "இது நீயாடா?"ன்னார். ஆமான்னேன். ஒரு எழுத்து... இல்ல, மூணு எழுத்து. அவ்வளவுதான் நான் செஞ்சது. அடுத்த நாள் டெப்போ பூரா தெரிஞ்சுடுச்சு. "நான் ரெண்டு வருஷமா முட்டிக்கிட்டு இருக்கேன், என் பையன் ஒரே நாள்ல அடிச்சுட்டான், கம்ப்யூட்டர்னா அவனுக்குத் தண்ணி பட்ட பாடு". பிளஸ் டூ முடிச்சப்போ தாத்தா பி.காம்.னார், மாமா சிவில்னார், அப்பா ஒரே பிடியா கம்ப்யூட்டர் சயின்ஸ்னார். காரணம் கேட்ட மாமாகிட்ட என் காதுபட சொன்னதுல இந்த பின்பாலும் ஒண்ணு. சிரிக்காதீங்க. என் பொட்டி தட்டற பொழப்போட அஸ்திவாரத்துல டிவிஎஸ் 50 அண்ணனோட 47 லட்சம் இருக்கு.

இன்னொண்ணும் இருக்கு. அதுக்கப்புறம் அப்பா அந்த ஸ்கோரைத் தாண்ட வருஷக்கணக்கா முயற்சி பண்ணார். 41 வரைக்கும் வந்தார். தாண்டல. ராத்திரி பதினொரு மணி டக் டக் சத்தத்துக்கு அர்த்தம் எனக்கு மட்டும் தெரியும்.

இப்போ என் முன்னாடி அது ஒரு டெக்ஸ்ட் கோப்பா இருக்கு. வைன்ல ரெஜிஸ்ட்ரி வெறும் எழுத்துக் கோப்புதான், நோட்பேட்ல திறந்து மாத்தலாம். உடம்பு சரியில்லாத மனுஷன், கை வராத மனுஷன், திறந்து பார்க்கும்போது முதல் இடத்துல தன் பேர் இருந்தா எவ்வளவு சந்தோஷப்படுவார்? என்னோட 47-ஐ 37-னு மாத்தினா போதும். ஒரே ஒரு இலக்கம். இதைவிட மோசமான வேலையெல்லாம் ப்ரொடக்‌ஷன்லயே பண்ணிட்டுத்தான் தூங்கப் போறோம். மாத்தி சேமிச்சு, விளையாட்டைத் திறந்து ஸ்கோர் பட்டியலைத் தட்டினேன்.

காலி. அஞ்சும் போச்சு. அப்பாவோட நாலும் சேர்த்து.

காது அடைச்சுப் போச்சு. மூலக் கோப்பு என் லேப்டாப்ல பத்திரமா இருக்குன்னு ஞாபகம் வர்றதுக்கு ஒரு அரை நிமிஷம் ஆச்சு. அந்த அரை நிமிஷத்தை இன்னொரு தடவை அனுபவிக்க மாட்டேன்.

காரணம் அப்புறம்தான் தெரிஞ்சுது. 2021-ல ஒருத்தர் இந்த விளையாட்டை டீகம்பைல் பண்ணி மூல நிரலையே வெளியில போட்டுட்டார், அதைப் படிச்சேன். அஞ்சு பேரோட எழுத்துக்கும் அஞ்சு ஸ்கோருக்கும் சேர்த்து ஒரு கூட்டுத்தொகை போட்டு, அதைக் குழப்பி, வெரிஃபிகேஷன்னு ஒரு வரியில எழுதி வச்சிடுது. திறக்கும்போது மறுபடி கூட்டிப் பார்க்குது. ஒத்து வரலையா, முழுப் பட்டியலையும் துடைச்சிடுது. ஒரு பொய்யான வரியைத் தொட்டா நிஜமான நாலும் சேர்ந்து போகும். தொண்ணூறுகள்ல எவனோ ஒருத்தன் சின்னப் பசங்க தில்லுமுல்லு பண்ணக் கூடாதுன்னு எழுதி வச்சது, 28 வயசுல என்னை மாட்டி விட்டுடுச்சு.

நிரல் கையில இருக்கே, அந்த எண்ணை நானே கணக்குப் போட்டு எழுதலாமே? எழுதலாம். பத்து நிமிஷ வேலை. எழுதியும் வச்சேன், ஒரு குட்டி பைத்தான் ஸ்கிரிப்ட். ஓட்டல. ஏன்னு கேட்டா கரெக்டா சொல்லத் தெரியல. ஒரு தடவை அந்தக் கட்டத்துல பொய் எழுதினது ஆறாங்கிளாஸ் பையன். இப்ப எழுதினா அது நான்.

பழைய பட்டியலை அப்படியே ஏத்தினேன். அப்பாவைக் கூட்டிட்டு வந்து நாற்காலியில உட்கார வச்சேன். இசையைக் கேட்டதும் முகம் மாறிடுச்சு. இடது கையால மவுஸைப் பிடிச்சு, தடுமாறி, அவர் முதல்ல திறந்தது ஆட்டத்தை இல்ல, ஸ்கோர் பட்டியலை. "இருக்குதா... உன்னோடதும் இருக்குடா"ன்னார்.

சொல்லிட்டேன். எப்படிச் சொன்னேன்னு ஞாபகம் இல்ல, "அப்பா, அது நான் இல்லீங்கப்பா"ன்னு ஆரம்பிச்சது மட்டும் தெரியும்.

சினிமாவா இருந்தா "எனக்கு அப்பவே தெரியும்டா"ன்னு அப்பா சிரிக்கணும். எங்க அப்பாவுக்குத் தெரியவே தெரியாது. கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார்.

"யாரு, அந்த ஒல்லிப் பையனா? சிவப்பு வண்டியில வருவானே?"

"ஆமாங்கப்பா."

"அவனுக்கு நூத்தம்பது ரூவா கொடுத்தேன்டா. வேலை பார்க்கச் சொன்னா வெளையாடிட்டா இருந்தான்?"

அதோட எழுந்து போயிட்டார். ஆட்டம் ஆடவே இல்ல. ராத்திரி சாப்பாட்டுல பேச்சு இல்ல. "அவர்கிட்ட என்னடா சொன்ன"ன்னு அம்மா கேட்டாங்க, சொன்னேன். "இத்தனை வருஷம் கழிச்சு, அதுவும் இப்பப் போய் ஏன்டா சொன்ன"ன்னாங்க. எனக்கும் அந்தக் கேள்வி இருந்துச்சு. அன்னைக்கு ராத்திரி டக் டக் இல்லாத அமைதி ரொம்ப மோசமா இருந்துச்சு.

காலைல ஏழு மணி. காபி டம்ளரை இடது கையில பிடிச்சுக்கிட்டு என் கட்டில் பக்கத்துல வந்து நின்னார்.

"அப்ப உன்னோடது எது?"

"என்னோடது லிஸ்ட்லயே இல்லீங்கப்பா. எனக்கு ரெண்டு லட்சம் தாண்டாது."

"ரெண்டு லட்சமா?" கொஞ்சம் யோசிச்சார். "அதை நம்பித்தான்டா உன்னை கம்ப்யூட்டர் படிக்க வச்சேன்." கோபமா சொன்னாரா கிண்டலா சொன்னாரான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. அம்மா சமையக்கட்டுல சிரிச்சது மட்டும் கேட்டுச்சு.

அதை எடுத்துடவா, இப்ப எடுக்க முடியும், உங்களோடது முதல் இடத்துக்கு வந்துடும்னு சொன்னேன். அப்பா ஒரேயடியா மறுத்துட்டார். முப்பத்தி ரெண்டு வருஷம் டெப்போ லெட்ஜர் எழுதின கை. "தப்பா எழுதின என்ட்ரியை சுரண்டக் கூடாதுடா. குறுக்க ஒரு கோடு போட்டு, சரியானதை மேல எழுதி, பக்கத்துல இனிஷியல் வைக்கணும். தொகை அவன் எடுத்தது, அது இருக்கட்டும். பேரை மாத்து."

பேர்? ரெண்டு பேருக்கும் அந்த அண்ணன் பேர் ஞாபகம் வரல. அம்மாவுக்கும் தெரியல. கடை இருந்த இடத்துல இப்ப ஒரு பிரியாணி கடை. கடைசியில அப்பா சொன்னபடி "மெக்கானிக்"னு போட்டேன். அந்த பைத்தான் ஸ்கிரிப்ட்டுக்கு அப்பதான் வேலை வந்துச்சு. வெரிஃபிகேஷன் எண் ஒத்துப்போச்சு, அஞ்சு வரியும் நின்னுச்சு. முதல்ல மெக்கானிக், அப்புறம் நாலு அப்பா. என் பேர் எங்கயும் இல்ல.

அப்புறம் எஃப்8 அமுக்கி கீயெல்லாம் மாத்தினோம். ரெண்டு பக்கத் துடுப்பையும் இடது கைக்கே கொண்டு வந்தேன், ஏ ஒண்ணு, எஃப் ஒண்ணு, கட்டை விரலுக்கு ஸ்பேஸ் பார். முதல் நாள் 38 ஆயிரம். குண்டு இவர் கண்ணு முன்னாடியே நடுவுல ஓடிப் போகும், "டேய், டேய்"னு குண்டைத் திட்டுவார். ஒரு வாரத்துல ஒரு லட்சம் தாண்டினார். நான் பெங்களூர் கிளம்பற அன்னைக்கு பிசியோதெரபி தம்பி வந்தார். இதைப் பார்த்துட்டு, ஐயா, அந்த வலது பக்கத்தை வலது கைக்கே மாத்தி வைங்கன்னார். அப்பா முறைச்சார். தம்பி விடல. மறுபடி ஸ்லாஷுக்கே மாத்திட்டு வந்தேன்.

தினமும் ராத்திரி ஒம்பதரைக்கு போன் வரும். உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டா பதில் வராது, ஸ்கோர்தான் வரும். நேத்து 2 லட்சத்து 14 ஆயிரம். "கை போறதுக்குள்ள குண்டு போயிடுதுடா"ன்னார். பட்டியல்ல அஞ்சாவது இடம் 19 லட்சம், அதுவும் அவரோடதுதான். போனை அம்மா வாங்கி, இப்பல்லாம் பத்துல நாலு தடவை வலது பக்கம் பிடிச்சுடறார், ஆனா பதினொரு மணி வரைக்கும் தட்டிக்கிட்டே இருக்கார், தூங்க முடியல, அந்தக் கீபோர்டுக்கு சத்தம் வராத மாதிரி ஏதாவது வழி இருக்கான்னு கேட்டாங்க.

இல்லைன்னு சொல்லிட்டேன்.